தையலுக்கு விட்ட கால் அங்குலம்

என் மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று முதல் வரியை எழுதிவிட்டு உன் தங்கை என் முகத்தைப் பார்த்தாள். அந்தத் தாளைக் கிழித்துப்போட்டு வேறு தாள் எடுக்கச் சொன்னேன். சொல்வது நான், எழுதுவது அவள். என் பேச்சு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அவள் அதைப் பள்ளிக்கூடத்துத் தமிழாக்கித்தான் எழுதுகிறாள். நான் வூடு என்று சொன்னால் தாளில் வீடு என்று விழுகிறது. விழட்டும். மற்றவர்கள் பேசியதை மட்டும் அவர்கள் பேசியபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் அவை என் சொற்கள் அல்ல, அவற்றைத் திருத்த எனக்கு உரிமை கிடையாது. தாளுக்கு அடியில் கார்பன் வைத்திருக்கிறாள். ஒரு பிரதி உனக்கு. இன்னொன்று இங்கே இருக்கும், எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை நீ மடித்துப் பெட்டிக்கு அடியில் வைக்க வேண்டியதில்லை. அங்கே இருக்கும் உன் மாமா படிக்கட்டும். பெண் வீட்டார் கேட்டால் அவர்களுக்கும் படித்துக் காட்டு.

போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் உன் கல்யாண ஓலை முதல் தடவையாக வாசிக்கப்பட்டது. சாமியார் உன் பெயரைச் சொன்னார், உன் அப்பா பெயரைச் சொன்னார், மெட்ராஸ் பெண்ணின் பெயரையும் அவளுடைய பங்குக் கோயிலின் பெயரையும் சொன்னார். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் வந்து சொல்ல வேண்டும் என்று, எல்லா ஓலைக்கும் சொல்கிற அதே குரலில் சொன்னார். பிலோமினா எனக்கு மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். வலது காலை மடக்க முடியாமல் பக்கவாட்டில் நீட்டி, அதன் மேல் சேலையை இழுத்து விட்டிருந்தாள். பெண்கள் பகுதியில் இருந்த அத்தனை தலைகளும் அவளைப் பார்க்கத் திரும்பின. அவள் மட்டும் திரும்பவில்லை, பீடத்தைப் பார்த்தபடியே இருந்தாள். தடை என்றால் சொந்தம், சம்பந்தம், ஏற்கெனவே தாலி கட்டியிருப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். நான் முழங்காலில் நின்றுகொண்டு, அந்தத் தடை நான்தான் என்று நினைத்தேன். இரண்டாவது ஓலை வருகிற ஞாயிறு. மூன்றாவது அதற்கு அடுத்த ஞாயிறு. அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும்.

உனக்குப் பாதி தெரிந்த கதைதான். தெரியாத பாதியைச் சொல்ல வேண்டுமானால் முதலிலிருந்து வர வேண்டும். உன் அப்பாவும் நானும் உப்பளத்தில் பதினான்கு வருடம் நின்றோம். அவர் போன பிறகு நான் மட்டும் நின்றேன். பாத்தியில் உப்பை வாரி வரப்பில் குவிப்பது, கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுவது, கடைசியில் கோணிப்பையின் வாயைத் தைப்பது என்று எல்லா வேலையும் செய்தேன். என் குதிகாலில் உன் சுண்டு விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு இருந்தது. சின்ன வயதில் நீ அதில் விரலை வைத்துப் பார்த்து அழுவாய். மடத்தில் தையல் கூடம் திறந்தபோது, கோணி தைப்பதைப் பார்த்துத்தான் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். உப்புப் பையில் போட்டிருந்த தையல் ஒவ்வொன்றும் ஒரே அளவில் இருந்ததாம். அன்றோடு தண்ணீரிலிருந்து காலை எடுத்தேன். திரும்ப அந்தத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்று நான் பயந்த பயத்தை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நான் செய்ததற்கு அதுதான் வேர். அதைச் சொன்னால் செய்தது சரியாகிவிடாது. ஆனாலும் நீ தெரிந்துகொள்.

தையல் கூடத்தில் என்ன செய்தோம் என்று உனக்கு நினைவிருக்கும். துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கிற போர்வைகள், வெளிநாட்டுக்குப் போகிறவை. ஒரு நட்சத்திரத்துக்கு எட்டுத் துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் சிஸ்டர் ஓர் அட்டை வெட்டிக் கொடுப்பார். அந்த அட்டை தைத்து முடித்த பிறகு கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்கும். அதே அளவில் துணியை வெட்டினால் தைக்க இடம் இருக்காது. சுற்றிலும் கால் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். அந்தக் கால் அங்குலம் உள்ளே மடிந்து போய்விடும், போர்வையை வாங்குகிறவர்கள் கண்ணில் அது படவே படாது, ஆனால் போர்வையைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். முதலில் அடிக்கோலை வைத்துப் புள்ளி புள்ளியாக வைத்துக் கோட்டால் இணைத்தோம். ஒரு துண்டுக்கு அரைமணி நேரம் போனது. பிறகு ரோசாலி இரண்டு பென்சிலைச் சேர்த்து நூலால் கட்டினாள். ஒன்று அட்டையை ஒட்டிப் போகும், மற்றது கால் அங்குலம் தள்ளிக் கோடு போடும். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மத்தியானத்துக்குள் நூல் தளர்ந்து, இரண்டு பென்சிலும் ஒன்றை ஒன்று தேடிக்கொண்டு போகும்.

இதை நான் வீட்டில் புலம்பியதைக் கேட்டுத்தான், திண்டிவனம் லேத்துப் பட்டறையில் இருந்த நீ அந்த இரண்டு பித்தளை வில்லைகளைக் கடைந்து கொண்டுவந்தாய். அரை அங்குல அகலம், சரியாக நடுவில் பென்சில் முனை நுழைகிற ஒரு துளை. அட்டையின் ஓரத்தில் வில்லையை வைத்து, துளையில் பென்சிலை விட்டு, உருட்டிக்கொண்டே போனால் போதும். அட்டையைச் சுற்றி வில்லை ஓடும், எங்கே அளந்தாலும் கால் அங்குலம். சிஸ்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இத்தன வருஷமா இது நமக்குத் தோணலியே" என்றார். ரோசாலி சும்மா இருப்பாளா? "அம்மாவுக்கு ஒன்னு, சரி. இன்னொன்னு யாருக்குடா தம்பி? எனக்கா?" என்றாள். நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "வெட்றவங்களுக்குதான்க்கா" என்றாய். "வெட்றவங்க ரெண்டே பேரு. ஒருத்தி உங்கம்மா. இன்னொருத்திய பாரு, கத்திரிக்கோல தலகீழா புடிச்சினு நிக்கிறா" என்று அவள் சொன்னதும் கூடமே சிரித்தது. பிலோமினாவும் சிரித்தாள். அன்றைக்கு நானும்தான் சிரித்தேன்.

நீ மெட்ராசுக்குப் போன பிறகு, ஒருநாள் வேலைக்குப் போகிற வழியில் மதகடியில் குனிந்து காலைக் கழுவினேன். மடியில் முடிந்து வைத்திருந்த என் வில்லை நழுவிக் கால்வாயில் விழுந்தது. கையை விட்டுத் துழாவினேன். சேறுதான் வந்தது. வில்லையைத் தொலைத்தவள் வெட்டும் மேசைக்கு வரக் கூடாது என்பது சிஸ்டர் வைத்திருந்த விதி. வெட்டும் மேசையை விட்டால் எனக்கு அங்கே வேறு இடம் இல்லை. சின்ன ஊசியில் தைக்க என் கண் அப்போதே போய்விட்டிருந்தது. வீட்டுக்குத் திரும்பி வந்து, நீ விட்டுப்போன காக்கிக் கால்சட்டையில் இருந்த பெரிய பொத்தானை அறுத்து எடுத்தேன். அளந்து பார்த்தேன், அரை அங்குலம். அதில் ஓட்டையும் இருந்தது. இரண்டு நாள் அந்தப் பொத்தானை உருட்டித்தான் நட்சத்திரத் துண்டுகளை வெட்டினேன். யாருக்கும் தெரியாமல் உள்ளங்கைக்குள் மறைத்து உருட்டினேன்.

பொத்தானில் இருப்பது இரண்டு ஓட்டை. இரண்டும் நடுவில் இல்லை. ஒரு பக்கம் தள்ளி இருக்கிற ஓட்டையில் பென்சிலை விட்டு உருட்டினால், கோடு ஓர் இடத்தில் தள்ளிப் போகும், ஓர் இடத்தில் அட்டைக்குக் கிட்டே வரும். கூர்முனையில் சில துண்டுகளுக்குக் கால் அங்குலத்தில் பாதிகூட இல்லை. முதல் நாள் சாயங்காலமே அதைப் பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டு மறுநாளும் உருட்டினேன். தைக்கிறவர்கள் இழுத்துப் பிடித்துச் சமாளித்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

(அண்ணா, இந்தப் பத்தி மட்டும் என்னுடையது. அம்மா உலை வைக்கப் போயிருக்கிறார்கள். அம்மா பொத்தானை உருட்டிப் பார்த்துப் பழகிய அன்று நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். வட்டத்தின் மையத்திலிருந்து விளிம்பு வரை எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அளவு, மையத்தை விட்டு விலகினால் அப்படி இருக்காது. புத்தகத்திலேயே படம் இருந்தது. அதை அம்மாவிடம் காட்டினேன். "போய்ப் படி" என்றார்கள். நானும் போய்ப் படித்தேன். அந்த வாரம் நடந்த பரீட்சையில் வட்டத்தைப் பற்றிய கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண். பிலோமினா அக்காவை அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே எனக்குக் காரணம் தெரியும். நானும் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா திரும்பி வந்ததும் இதைப் படித்துக் காட்டினேன். கோடு போட்டு அடிக்காதே, இருக்கட்டும் என்று சொன்னார்கள்.)

மூன்றாம் நாள் பயம் அதிகமாகிப் பிலோமினாவிடம் போய், வில்லை தொலைந்துவிட்டது என்று சொன்னேன். பொத்தானைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் சிரித்துக்கொண்டே தன்னுடையதை எடுத்துக் கொடுத்தாள். "இதுக்கு ஏன் அத்த மூஞ்ச இப்டி வெச்சினு இருக்கீங்க? ரெண்டு பேரும் ஒன்ன வெச்சே மாத்தி மாத்தி வெட்டிக்கலாம். அவருக்கு ஒரு கடுதாசி போடுங்க, இன்னொன்னு செஞ்சு அனுப்புவாரு" என்றாள். அப்போதே என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். திருநாளுக்கு நீ வந்ததும் நிச்சயம் பண்ணிவிடலாம் என்று இரு வீட்டிலும் பேசி வைத்திருந்தோம் அல்லவா. நான் உனக்குக் கடிதம் போடவில்லை. நீ கடைந்து கொடுத்ததைத் தொலைத்தேன் என்று எழுத வெட்கமாக இருந்தது. இரண்டு வாரம் ஒரே வில்லையில் இருவரும் வெட்டினோம். காலையில் நான், மத்தியானத்துக்கு மேல் அவள்.

நான் பொத்தானை உருட்டி வெட்டிய அந்தப் போர்வை தைத்து முடிந்ததும், வழக்கம்போல ஒருமுறை தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டார்கள். ஈரத்தின் பாரம் தாங்காமல் நட்சத்திரங்களின் முனைகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டன. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது உள்ளே வைத்த பஞ்சு வெளியே தொங்கியது. சிஸ்டர் ஒரு முனையைப் பிரித்துத் துணியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். தையலில் குறை இல்லை, வெட்டியதில்தான் குறை என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. வெட்டியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். எங்களை மேசைக்கு அழைத்து, "ரெண்டு பேரும் உங்க வில்லைய எடுத்து வைங்க" என்றார்.

அது காலை நேரம். வில்லை என் மடியில் இருந்தது. நான் எடுத்து மேசையில் வைத்தேன். எடுத்து வைத்த வேகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மகனே, ஒன்றையும் விடாமல் சொல்கிறேன். உனக்கு ஞாபகம் இருக்கும், பிலோமினாவின் வில்லையில் ஒரு பக்கத்தில் நீ அரத்தால் ஒரு சின்னச் சிலுவை கீறியிருந்தாய். என்னுடையதில் அது கிடையாது. அந்தப் பக்கம் கீழே இருக்கும்படிதான் மேசையில் வைத்தேன். கை தானாகச் செய்தது என்று சொன்னால் பொய். தெரிந்துதான் திருப்பி வைத்தேன்.

பிலோமினா மேசையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உன்னோடது எங்கம்மா?" என்றார் சிஸ்டர்.

"தொலஞ்சுடுச்சு சிஸ்டர்."

"எப்போ?"

"கொஞ்ச நாளாச்சு."

"அப்போ இத்தன நாளா எத வெச்சு கோடு போட்ட?"

நான் சொல்வேன் என்று பிலோமினா காத்திருந்தாள். அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து, தரையில் கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்கினேன். ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தேன். கடைசியில், "கையாலதான் சிஸ்டர், ஒரு குத்துமதிப்பா" என்று அவள் குரல் மேலே கேட்டது. நான் நிமிர்ந்தபோது அவள் தன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு மாமியாராக வரப்போகிறவள். அதனால்தான் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்குப் பதிலாக வேறு எவளாவது அங்கே இருந்திருந்தால் பிலோமினா உண்மையைச் சொல்லித் தப்பித்திருப்பாள்.

அதோடு நின்றிருந்தாலாவது ஒரு பாவம். திருநாளுக்கு நீ வருவாய், அவளைப் பார்ப்பாய், அவள் சொல்லிவிடுவாள் என்ற பயம் என்னைத் தூங்க விடவில்லை. பேருந்திலிருந்து இறங்கி நீ வீட்டுக்குள் வந்ததும், தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே நான் சொன்னது உனக்கு நினைவிருக்கிறதா? நீ ஆசையாகக் கடைந்து கொடுத்ததைத் தொலைத்துவிட்டாள், தொலைத்ததை மறைத்துத் துணியை எல்லாம் பாழாக்கினாள், சிஸ்டர் முகத்துக்கு நேரே பொய் சொல்லிப் பிடிபட்டாள், இப்படிப்பட்ட பெண் நம் வீட்டுக்கு வேண்டாம் என்றேன். நான் செய்தவை ஒவ்வொன்றையும் அவள் செய்ததாகச் சொன்னேன். புதிதாக எதையும் கற்பனை பண்ணக்கூடத் தேவைப்படவில்லை. நீ சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, மறுபடியும் பைக்குள் போட்டுக்கொண்டாய். அதில் என்ன இருந்தது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. மறுநாள் தேர் முடிந்ததும் கிளம்பிவிட்டாய்.

பிலோமினாவை வேறு எந்தத் தையல்காரரும் சேர்த்துக்கொள்ளவில்லை. துணியைப் பாழாக்கியவள் என்ற பேச்சு வானூர் வரைக்கும் போயிருந்தது. அவளுடைய அப்பா கோயிலுக்கு வருவதை நிறுத்தினார். மழைக்காலம் முடிந்து உப்பளம் தொடங்கியதும் அவள் பாத்தியில் இறங்கினாள். நான் அத்தனை வருடம் நின்ற அதே தண்ணீர். மாசி மாதம் உப்பு வாரும் பலகையின் ஆணி அவள் வலது காலில் ஏறியது. உப்புத் தண்ணீரில் நிற்கிற காலில் பட்ட காயம் எப்படி ஆறும்? திண்டிவனம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, தண்ணீரில் கால் வைக்காதே என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் மறுநாள் கந்தலைச் சுற்றிக்கொண்டு தண்ணீரில்தான் நின்றாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றும் நடந்த அன்றே தெரியும். தெரிந்துகொண்டு தினமும் அவளுடைய வில்லையை உருட்டிக்கொண்டிருந்தேன்.

ஓலை வாசித்த மறுநாள், திங்கட்கிழமை, வேலைக்குப் போகாமல் உப்பளத்துக்குப் போனேன். உன் தங்கையையும் கூட்டிக்கொண்டு போனேன், தனியாகப் போனால் பாதி வழியில் திரும்பிவிடுவேன் என்று தெரியும். வெயிலில் உப்பு கண்ணைக் குத்தியது. பிலோமினா கடைசிப் பாத்தியில் வாரிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பலகையை வரப்பில் சாய்த்துவிட்டு, "இன்னா அத்த இவ்ளோ தூரம்? கல்யாணப் பத்திரிக குடுக்க வந்தீங்களா?" என்றாள். கேலியாகச் சொன்னாளா, உண்மையாகவே கேட்டாளா என்று எனக்குப் புரியவில்லை. வில்லையை எடுத்து நீட்டினேன். பொத்தானைப் பற்றிச் சொன்னேன். நீ வந்தபோது உன்னிடம் என்ன சொன்னேன் என்பதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவள் வில்லையை வாங்கவில்லை.

"இத வெச்சினு நான் இங்க இன்னா பண்றது? உப்புக்கு கால் இஞ்சு விட்டு வாரவா?"

"என்னை மன்னித்துவிடு பிள்ளை."

"எனக்குத் தெரியாததா அத்த? வில்ல உங்க கையில இருந்துச்சு, பொத்தான்தான் தெரியாது. அது ஒன்னுதான் புதுசு." பிறகு சொன்னாள்: "நீங்க பயந்துட்டீங்க. அத நான் அன்னிக்கே புரிஞ்சுகினேன். ஆனா அவரு? திருநாளுக்கு வந்தாரு. தேருக்குப் பின்னாலயே எங்க தெருவுல நடந்து போனாரு. நான் வாசல்லதான் நின்னுகினு இருந்தேன். ஒரு வார்த்த கேட்டிருந்தா போதும். ஏன் பிலோமினா, இது நெசமான்னு. கேக்கலியே."

கல்யாணத்தை நிறுத்திவிடுகிறேன், உனக்கு எழுதுகிறேன் என்றேன். அவளுக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

"வேணாம். அந்த மெட்ராஸ் பொண்ணு இன்னா பண்ணுச்சு? இன்னொருத்தி பேரையும் கெடுக்கணுமா? அவரு இனிமே நடந்து வந்தாலும் எனக்கு வேணாம். நீங்க செய்யறதா இருந்தா ஒன்னு செய்ங்க. சிஸ்டர் கிட்ட சொல்லுங்க, அன்னிக்கு யார்லாம் இருந்தாங்களோ அவங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. எங்கப்பா திரும்ப கோயிலுக்கு வரட்டும். அவ்ளோதான்."

பலகையை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். இறங்கும்போது வலது காலை முதலில் வைக்காமல் இடது காலை வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் தாளையும் கார்பனையும் உன் தங்கை தானாகவே எடுத்து வைத்தாள்.

ஆகவே இந்தக் கடிதத்தின் இன்னொரு பிரதி எதற்கு என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். நாளைக் காலை ஜெபம் முடிந்து எல்லோரும் மேசைக்கு வந்ததும், உன் தங்கை தையல் கூடத்தில் நின்று இதை முதலிலிருந்து கடைசிவரை படிப்பாள். நான் வாயால் சொல்ல முயன்றால், அன்று நூல் பொறுக்கியதுபோல ஏதாவது செய்து தப்பித்துவிடுவேன். எழுதிவிட்டால் தப்பிக்க முடியாது. பிலோமினாவின் அப்பாவையும் வந்து வாசலில் நிற்கச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறேன். வருவாரா, தெரியாது. சிஸ்டர் என்னை வைத்துக்கொள்ள மாட்டார். வைத்துக்கொள்ளவும் கூடாது. உப்பளத்து மேஸ்திரியிடம் பேசிவிட்டேன். இந்த வயதில் சுமக்க முடியாது, கோணி தைக்கலாம், அதற்குக் கண் போதும் என்றார். உன் தங்கை படிப்பதும் அதே மடத்துப் பள்ளிக்கூடம்தான். அவளை அங்கே எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அவளைக் கேட்டேன். "நான்தாம்மா படிக்கணும், எனக்குத்தான் முன்னாடியே தெரியும்" என்றாள்.

உன் கல்யாணத்தை நிறுத்து என்று நான் சொல்லவில்லை, செய் என்றும் சொல்லவில்லை. அதைச் சொல்கிற தகுதியை அந்த மேசையிலேயே விட்டுவிட்டேன். ஆனால் உன்னிடம் ஒன்று சொல்லாமல் முடிக்க மாட்டேன், இதில் உனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நான் பொய் சொன்னேன். நீ அதை அளந்து பார்க்கவில்லை. இரும்பையும் பித்தளையையும் முடி அளவு பிசகாமல் கடைகிறவன் நீ, ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பற்றி அம்மா சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாய். உன் வீட்டுக்கு வரப்போகிறவளைப் பற்றி நாளை யாராவது உன்னிடம் எதையாவது சொல்வார்கள். நானே சொன்னாலும் சரி, உன் மாமா சொன்னாலும் சரி, முதலில் அவளிடம் போய்க் கேள். அவள் வாசலில் நிற்கும்போது தேருக்குப் பின்னால் நடந்து போய்விடாதே.

வில்லையை உனக்கு அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிலோமினா வாங்காததால் என்னிடமே இருக்கிறது. ஆனால் நாளை அது சிஸ்டரின் மேசையில் இருக்க வேண்டும், இந்த முறை கீறல் மேலே தெரியும்படி. அதனால் உன் தங்கை ஒரு வேலை செய்திருக்கிறாள். பிள்ளைகள் காசை வைத்து விளையாடுவார்களே, அதுபோல வில்லையின் மேல் இந்தத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்திருக்கிறாள். கீழே பார். அரை அங்குல வட்டம், நடுவில் துளை, துளைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவை. ஒரு பக்கம் கொஞ்சம் மங்கலாக விழுந்திருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார். யாருக்காக அதைக் கீறினாய் என்று உனக்குத் தெரியும்.

உன் அம்மா